பேர் கூப்பிடும்வரை

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்தில் ஒரு காம்பராவையும் அடுத்த காம்பராவையும் பிரிக்கிற சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே எழும்பி, அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் தகரம்வரை திறந்த வெளிதான். பக்கத்துக் காம்பராவில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். எங்கள் காம்பராவில் அப்பா தூங்கினால் லயத்தில் வேறு யாரும் தூங்க முடியாது.

அப்பாவின் பெயர் தம்பையா. நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், தேயிலை ஆலையை ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் தூள் காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. பருத்த உடம்பு. கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாததுபோல் தலை தோளின் மேல் உட்கார்ந்திருக்கும். பகலில் அவர் பேசுவது எதிரில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. படுத்தால் வேறு ஆள்.

"ரயிலு பதுளையோட முடிஞ்சு போச்சுன்னு எவன் சொன்னான்? ராத்திரியானா நம்ம லயம் வரைக்கும் வருதுல்ல" என்பார் பக்கத்துக் காம்பரா இராமையா மாமா. அவர் அப்பாவோடு ஸ்டோரில் விறகு பிளக்கிறவர். காலையில் குழாயடியில் அவர் இதைச் சொல்லும்போது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்துவைப்பார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வந்துவிடுவேன்.

சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. சத்தம் நிற்பதுதான் பழகவில்லை. உச்சத்துக்கு ஏறிக்கொண்டே போகும் குறட்டை, யாரோ வாயைப் பொத்தியதுபோல் சட்டென்று அறுந்துபோகும். மூச்சு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வயிறு மட்டும் எக்கி எக்கி விழும். அம்மா எழுந்து உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்து உலுக்குவாள். தண்ணீரில் முங்கியவர் மேலே வருவதுபோல ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். அவர் விழிக்கமாட்டார். ரயில் மறுபடியும் புறப்படும். அம்மா படுப்பாள். சற்று நேரத்தில் மறுபடியும் எழுவாள்.

இப்படி விழித்துக் கிடந்த அம்மாவால் மலையில் மற்றவர்களோடு ஈடுகொடுத்துக் கொழுந்து பறிக்க முடியவில்லை. கூடை நிறையாத நாட்களில் கங்காணி அவளுக்கு அரைப்பேர்தான் போடுவார். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் உட்கார்ந்தபடியே கண் சொருகும். ஒரு நாள் சோறு கரிந்து புகை லயமெல்லாம் பரவிய பிறகு, நான் பள்ளிக்கூடம் போவது நின்றது. ஐந்தாம் வகுப்பில் பாதி. யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. காலையில் அடுப்பு எரியவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரவெல்லாம் அப்படித் தூங்குகிற அப்பாவுக்குப் பகலிலும் தூக்கம் தீராது. தலைவலி என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார். சோற்றைப் பிசைந்தபடியே உறங்கிவிடுவார். ஸ்டோரில் அடுப்பின் முன் நின்றபடி கண் மூடி, ஒரு தடவை புருவமும் முன்முடியும் பொசுங்கின. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா அவரை இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்தார். மூன்றாம் தடவை தோட்டத்துத் துரையிடம் சொல்ல வேண்டிவரும் என்றார்.

செய்யாத வைத்தியம் இல்லை. மூக்கில் நல்லெண்ணெய் விட்டார்கள். ஓமத்தை வறுத்து முடிந்து முகரக் கொடுத்தார்கள். நெஞ்சில் பேய் ஏறி உட்காருகிறது என்று பூசாரி கயிறு கட்டினார். தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் இரகுநாதன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் போனபோது முதல் கேள்வியாக, குடிப்பதுண்டா என்று கேட்டார். இல்லை என்று அப்பா சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு போத்தல் கலவை மருந்து கொடுத்து அனுப்பினார்.

அப்பா சாராயம் தொட்டதில்லை. மாரியம்மன் திருவிழாவில் அவர்தான் கரகம் தூக்குவார். வருடத்தில் ஒரு நாள் தூக்குகிற கரகத்துக்காக வருடம் முழுவதும் வாயைச் சுத்தமாக வைத்திருப்பவர். அன்று மட்டும் அவருக்குத் தூக்கமே வராது. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை மேளத்துக்குள் நடந்து வரும்போது அவர் முகம் தெளிவாக, வயது குறைந்ததாக இருக்கும். அந்த முகத்தை நான் வேறு நாளில் பார்த்ததில்லை.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆவணி மாதத்தில் பதுளையிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. நாடு சுதந்திரம் பெற்ற வருடத்திலேயே, எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆகிவிட்டது. பிரஜையாகப் பதிவு செய்யச் சொல்லி மனுப்போடலாம் என்று பிறகு ஒரு வழி திறந்தார்கள். அப்பா போட்டிருந்தார். அதற்கு விசாரணை. பேர் கூப்பிடும்போது எழுந்து போக வேண்டும், கேட்கிற கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அம்மாவும் நானும் அவரோடு இந்த நாட்டு ஆட்கள். இல்லையென்றால் மூன்று பேரும் எந்த நாட்டு ஆட்களும் இல்லை.

பதில்கள் எல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தது, மண்டபம் முகாமில் ஊசி போட்டுக் கப்பலேறியது, முதலில் கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம், பிறகு இங்கே, தான் பிறந்த லயம், அம்மாவைக் கட்டிய வருடம். வேலை முடிந்து வந்து சுவரோரம் உட்கார்ந்து, கேள்வியையும் தானே கேட்டுப் பதிலையும் தானே சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இராமையா மாமா, "இன்னொருக்கா சொல்லு மச்சான், எனக்கும் பாடமாகட்டும்" என்பார். அவருக்கும் விசாரணை வரவேண்டியிருந்தது.

அப்பாவுக்குப் பதில்களைப் பற்றிப் பயமில்லை. ஒரே பயம், பேர் கூப்பிடும்போது விழித்திருப்போமா என்பதுதான். அதை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. இராமையா மாமாவிடம் சொன்னார்.

இராமையா மாமா கேலி பேசுகிறவர்தான். ஆனால் இதைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லையாம். புறப்படுவதற்கு முந்தின மாலை, ஒரு சின்னப் போத்தலோடு எங்கள் காம்பராவுக்கு வந்தார். சாராயத்தில் கற்பூரத்தைக் கரைத்திருந்தார். நெஞ்சிலும் கழுத்திலும் தேய்த்தால் சளி இளகி மூச்சு லேசாகும், ஒரு இரவாவது அடைப்பில்லாமல் தூங்கினால் பகலில் கண் சொருகாது என்றார்.

அப்பா பின்வாங்கினார். "கரகம் தூக்குற ஒடம்பு மச்சான்."

"குடிக்கவா சொல்றேன்? பூசத்தானே சொல்றேன். குதிரைக்குப் பூசினா குதிரைக்கு வெறியா ஏறுது?"

அம்மாவும் மாமாவின் பக்கம் சேர்ந்துகொண்டாள். கைக்குழந்தைக்குக்கூட சளிக்கு இதைத்தானே பூசுகிறோம் என்றாள். அது உண்மை. எங்கள் லயத்தில் பூசாத வீடு இல்லை. அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டு, மாடு நிற்பதுபோல் நின்றுகொடுத்தார்.

காலையில் பனி இறங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பாவுக்கு மூச்சு இரைத்தது. அம்மா மிச்சத்தையும் உள்ளங்கையில் ஊற்றி, சட்டைக்குள் கையை விட்டுத் தேய்த்துவிட்டாள். அந்தக் குளிரில் வாசனை எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கற்பூரம்தான் மணந்தது.

விசாரணை நடந்தது ஒரு நீளமான ஓட்டுக் கட்டடத்தில். மனுப்போட்ட ஆண்களை உள்ளே வாங்குப் பலகைகளில் உட்காரவைத்தார்கள். மனைவி பிள்ளைகளைக் கேட்டால் மட்டும் கூப்பிடுவோம் என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஜன்னலுக்குக் கீழே, சுவரோர நிழலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்தோம். அம்மா எழுந்து எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். வெள்ளை வேட்டி, இரவல் கோட்டு. மடியில் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்த உறை.

வெயில் ஏறியது. பதுளை எங்கள் மலையைப்போல் அல்ல, பள்ளத்தில் கிடக்கிற ஊர். ஓடு காய்ந்து உள்ளே புழுங்கியிருக்க வேண்டும். மற்றவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. அம்மா மறுபடி எழுந்து பார்த்தபோது அப்பா தலையசைக்கவில்லை.

முதலில் மெல்லிய இழுப்பு. பிறகு ஜன்னலுக்கு வெளியே இருந்த பெண்களெல்லாம் பேச்சை நிறுத்தும் அளவுக்கு அது ஏறியது. உள்ளே ஒரு குரல், "எந்தத் தோட்டம்ப்பா இது, ஸ்டோர் எஞ்சினையும் சேத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றது. சிரிப்பு எழுந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிங்க, இந்தாங்க, எந்திரிங்க" என்று கூப்பிட்டாள். பியோன் வந்து, சத்தம் போடக்கூடாது என்று ஜன்னல் கதவைச் சாத்தினான். அம்மா வாசல் பக்கம் ஓடினாள். அங்கேயும் அவனே வந்து கையை நீட்டி மறித்தான்.

அவன் கைக்குக் கீழே குனிந்து நான் பார்த்தேன். அப்பாவின் பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை. குறட்டை அந்த நேரத்தில்தான் அறுந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும் அம்மாவுக்கும் அந்த மௌனம் என்னவென்று தெரியும். அப்பாவின் வயிறு கோட்டுக்குள் எக்கியது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்த பிறகு, பெரிய இழுப்போடு மூச்சு வந்து, அப்பா எழுந்து நின்றார். உறை மடியிலிருந்து விழுந்தது. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன பெயர் என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்கே விளங்கவில்லை.

மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவரை அருகே வரச் சொன்னார். அப்பா தள்ளாடிப் போனார். அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கிறவர் கேட்டார்.

"குடிச்சிட்டோ வந்தனீ?"

"இல்லீங்க சாமி. குடிக்கிறதில்லீங்க. மேலுக்குப் பூசினதுங்க."

மொழிபெயர்க்கிறவர் அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. எழுதினார். குடிவெறியில் இருக்கிறவனிடம் வாக்குமூலம் வாங்க முடியாது, இன்னொரு நாள் தரவும் மாட்டேன் என்று சொன்னதாக மொழிபெயர்ப்பு வந்தது. அப்பா அப்போதுதான் முழுதாக விழித்தார். தாத்தாவின் பெயரிலிருந்து பதிலை ஆரம்பித்தார். துறையூர் என்பதற்குள் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா தூங்கவே இல்லை.

மனு தள்ளுபடி ஆனதாகக் கடிதம் வந்ததும், இராமையா மாமா அதை எடுத்துக்கொண்டு இரகுநாதன் ஐயாவிடம் போனார். சாராயம் தன்னுடையது, தேய்க்கச் சொன்னவனும் தானே என்று அங்கே அழுதாராம். ஐயா பதுளை ஆஸ்பத்திரியில் சிதம்பரநாதன் என்ற டாக்டருக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பாவோடு அம்மாவும் நானும் போனோம்.

டாக்டர் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார். வீங்கியிருந்த கணுக்காலில் விரலை அழுத்தி, பள்ளம் மேலே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"இரவிலை மூச்சு நிண்டு நிண்டு வாறதோ?"

"ஆமாங்க. நின்னா நான் உலுக்கிவிடுவேனுங்க."

"எவ்வளவு காலமா?"

"இந்தப் புள்ள பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச காலத்துல இருந்துங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சொன்னதை அம்மாவுக்காக மெதுவாகத்தான் சொன்னார். தொண்டையின் இரண்டு பக்கத்துச் சதையும் பெருத்துக் கிடக்கிறது, கழுத்தும் கனத்துவிட்டது, மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து இருக்கிற கொஞ்ச வழியையும் அடைக்கிறது என்றார். குறட்டை என்பது காற்று அந்த இடுக்கில் நெருக்கிப் புகுகிற சத்தம். அது நிற்பது வழி முழுதும் அடைபடுவது. இரவு முழுவதும் மூச்சுக்குப் போராடுகிற உடம்பு தூங்குவதே இல்லை. அதனால்தான் பகலில் விழுகிறது. பிரஷர் ஏறி இதயமும் களைத்திருக்கிறது. சதையை வெட்டலாம், ஆனால் இந்த உடம்பை மயக்குவது ஆபத்து. மல்லாந்து படுக்கவே கூடாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்க வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், நெருப்பின் பக்கம் நிற்கவே கூடாது.

"இது குடியும் இல்லை, சோம்பலும் இல்லை" என்று டாக்டர் கடைசியில் சொன்னார். "வருத்தம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பா அழுதார். நோய் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் வருத்தம் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அதை நோய் என்று யாரும் சொன்னதில்லை. டாக்டர் எல்லாவற்றையும் சான்றிதழாக எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். மேல்முறையீடு செய்யலாம், அவகாசம் இருக்கிறது என்றார்.

பஸ்ஸில் அம்மா சான்றிதழை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரு தடவை சிரித்தாள்கூட.

அதைப் படித்துப் பார்த்த இரகுநாதன் ஐயா உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்களை உட்காரச் சொன்னார். அவர் எங்களை உட்காரச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

"தம்பையா, அப்பீலுக்கு உன்ரை வேலையைப் பற்றித் துரையும் எழுதித் தரவேணும். அப்ப அவர் இதைப் படிப்பார். நெருப்படியிலை தன்னறியாமல் நித்திரை கொள்ளுற ஆளை அவர் வைச்சிருக்க மாட்டார். வேலையிலை பேர் வெட்டினால் காம்பராவும் போகும். அப்பீல் முடிய எத்தினை வருசமோ தெரியாது. இதை அனுப்பாட்டி, குடிகாரன் எண்ட பேரோடை அந்தக் கேஸ் முடிஞ்சிடும். நீதான் யோசிச்சுச் சொல்லவேணும்."

அம்மா யோசிக்கத் தேவையில்லை, அனுப்பிவிடுங்கள் என்றாள். வெளியே போய் ரோட்டில் நின்றாலும் பொய்ப் பேரோடு நிற்கவேண்டாம் என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, ஸ்டோர்ப் புகைபோக்கி தெரிகிற பக்கம் பார்த்தார். பார்த்தபடியே அவர் உறங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"குடிச்சிட்டுப் போனேன்னே இருக்கட்டுங்கய்யா" என்றார். "குடிகாரனுக்கு வேலை இருக்கு. நோயாளிக்கு இல்லீங்க."

சான்றிதழை ஐயா தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். மேல்முறையீட்டுக்கான நாட்கள் போயின.

அதன் பிறகு நடந்தவை சிறியவை. ஸ்டோரில் இராமையா மாமா யாரிடமும் கேட்காமல் அடுப்பின் முன் போய் நின்றுகொண்டார். அப்பா வெளியே விறகு பிளந்தார். டீமேக்கர் ஐயா பார்த்தும் பார்க்காததுபோல் போனார். பங்குனியில் கோயில் கமிட்டியார் வந்தார்கள். எங்கள் லயத்துக்கு உண்மை தெரியும், ஆனால் மற்ற லயங்களிலும் அடுத்த தோட்டத்திலும் குடித்துவிட்டுப் போனதாகத்தான் பேச்சு, அப்பா இந்த வருடம் கரகத்தை விட்டுக்கொடுத்தால் நல்லது என்றார்கள். அப்பா சரி என்றார். திருவிழா அன்று மேளச் சத்தம் ஆற்றங்கரையிலிருந்து வரும்போது அவர் வாசலில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

படுக்கை மாறிவிட்டது. சாக்கில் வைக்கோல் திணித்துச் சுவரோடு சாய்த்துவைத்தோம். அப்பா அதில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். குறட்டை பாதியாகக் குறைந்திருக்கிறது. லயம் தூங்குகிறது. அம்மா மட்டும் பழைய நேரங்களில் எழுந்து, தோளில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறாள்.

சென்ற வாரம் இராமையா மாமாவுக்கு விசாரணை அழைப்பு வந்தது. வேலை முடிந்த சாயங்காலம் அவர் எங்கள் காம்பராவுக்கு வந்து அப்பாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அப்பாதான் வரச் சொல்லியிருந்தார். வேலைக்குப் போட்ட துணியில் போகாதே, மேலுக்கு எதுவும் பூசாதே, சோப்புப் போட்டுக் குளி என்றெல்லாம் சொல்லிவிட்டு, அதிகாரியைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஒங்க அப்பா எந்த ஊரு?"

"முசிறிப் பக்கமுங்க."

"பக்கம்னு சொல்லாத. ஊரச் சொல்லு. எந்த வருசம் கப்பலேறுனாரு?"

இராமையா மாமாவுக்கு வருடம் தடுமாறியது. அப்பா எடுத்துக்கொடுத்தார். மாமாவின் அப்பா வந்த வருடமும் அவருக்குத் தெரிந்திருந்தது. மண்டபம் முகாமில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று அடுத்ததைக் கேட்க வாயெடுத்தவர், மண்டபம் என்ற சொல்லோடு நின்றார். தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. குறட்டை தொடங்கியது.

அம்மா உலுக்கப் போனாள். இராமையா மாமா கையைக் காட்டி அவளைத் தடுத்தார். அவர் சிரிக்கவில்லை, ரயிலைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பேர் கூப்பிடக் காத்திருக்கிறவர்போல, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் விளக்கைத் துடைத்து ஏற்றினேன். அப்பா தானாகவே விழித்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.